முக்காலியும் மரக்கரண்டியும்

கணிதத் தேர்வு முடிந்து மாணவர் வெளியே வரும் வேளையில் பள்ளி வளாகங்களில் நிகழ்வது நாம் அனைவரும் அறிந்ததே. வினாத்தாளை விரித்துப் பிடித்தபடி நால்வர் ஐவராகக் கூடுவர். "உனக்கு என்ன விடை வந்தது?" என்று ஒருவன் கேட்பான். விடைகள் ஒத்திருந்தால் முகங்கள் மலரும். ஒவ்வாதிருந்தால், எந்த அடியில் கூட்டல் கழித்தலாயிற்று என்று சுவரோரமே ஒரு கணக்கு மீண்டும் போடப்படும். எல்லாரும் ஒரே விடையைச் சொல்ல, தான் மட்டும் வேறொன்று எழுதியிருப்பதை உணரும் மாணவன் மெல்ல விலகி நிற்பான். அவனுக்கு அன்று வீடு திரும்பும் வழி மிக நீண்டதாகிவிடுகிறது.

வினாத்தாளை விட்டுப் பிரிந்த பிறகும் அது நம்மை விடுவதில்லை. எத்தனை மதிப்பெண் வரும், எந்த இடம் கிடைக்கும், அந்த இடம் நம் வாழ்வை எங்கே கொண்டு சேர்க்கும் என்னும் கேள்விகள் முடிவு வெளியாகும் நாள்வரை உடன் உறங்கி உடன் எழுகின்றன. இந்த ஏக்கத்தை ஏறத்தாழ இரு நூற்றாண்டுக் காலம் ஒரு பெருவிழாவாகவே நடத்திக் காட்டிய ஊர் ஒன்று உண்டு. அது இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ். அங்கு நடந்த கணிதத் தேர்வின் வரலாறு, தேர்வு எதை அளக்கிறது, எதை அளக்க இயலாது என்பதை நமக்குத் தெளிவாகக் காட்டுகிறது. வாசகர்கள், குறிப்பாகப் பெற்றோர்கள், அதைச் சற்றே பொறுமையுடன் கேட்குமாறு வேண்டுகிறேன்.

வாதமேடையிலிருந்து விடைத்தாளுக்கு

இடைக்காலப் பல்கலைக்கழகங்களில் எழுத்துத் தேர்வு என்பது கிடையாது. மாணவன் ஒரு கருத்தை நிலைநாட்ட வேண்டும்; எதிரணியினர் அதை மறுக்க வேண்டும்; அனைத்தும் இலத்தீன் மொழியில், வாய்மொழியாக நடைபெறும். பழைய குருமடங்களிலும் இதே வாதமுறை பயிலப்பட்டது. கேம்பிரிட்ஜில் இவ்வாறு வாதிட்டு வென்றவரை 'ராங்ளர்' என்றனர்; வாக்குவாதம் செய்பவர் என்பது அதன் பொருள். பட்டமளிப்பு நாளில் பட்டம் பெற்ற ஒருவர் மூன்று கால்களுடைய இருக்கை ஒன்றில் அமர்ந்து புதியவர்களோடு வாதிடுவார். நம் தமிழில் அந்த இருக்கைக்கு முக்காலி என்று அழகான பெயர் உண்டு. அந்த முக்காலியிலிருந்தே 'ட்ரைப்பாஸ்' என்னும் பெயர் பிறந்து, பின்னாளில் தேர்வுக்கே உரியதாயிற்று.

பதினெட்டாம் நூற்றாண்டில் வாய்மொழி வாதம் மெல்ல மெல்லத் தேய்ந்தது. கணிதத்தில் எழுத்துத் தேர்வு வளர்ந்தது. 1748 முதல், தேறியவர்களின் பெயர்கள் தகுதி வரிசையில் அச்சிடப்பட்டன. முதல் வகுப்பினர் அனைவரும் ராங்ளர்கள். அவர்களுள் முதலிடம் பெற்றவர் 'சீனியர் ராங்ளர்'. அடுத்த இரு வகுப்பினருக்கும் தனித்தனிப் பெயர்கள் இருந்தன. முதல் பெயர் முதல் கடைசிப் பெயர் வரை யார் யாருக்கு மேலே, யார் யாருக்குக் கீழே என்பது ஊரறிய வெளியாயிற்று. வாதம் மறைந்தது, வாதிடுபவர் என்ற பெயர் மட்டும் எஞ்சியது. ஒருவரோடு ஒருவர் பேசி உண்மையை நாடிய மாணவர்கள், ஒருவரையொருவர் முந்துவதற்காக மௌனமாக எழுதத் தொடங்கினர்.

குளிரும் மணிகளும்

இத்தேர்வு எத்தகையது என்பதற்கு 1854ஆம் ஆண்டைப் பார்க்கலாம். அவ்வாண்டுத் தேர்வு 8 நாள்களில் 16 தாள்களாக நடந்தது. மொத்தம் 44 மணி 30 நிமிட நேரம். வினாக்கள் 211. முதல் சில நாள்கள் எளிய பகுதி. அதைக் கடந்தவர்களே கடினமான பகுதிக்குச் சென்றனர். தேர்வு நடந்தது சனவரி மாதக் கடுங்குளிரில், செனட் மாளிகையின் பெரிய மண்டபத்தில். அவ்வாண்டு தேர்வெழுதியவர்களுள் ஒருவர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல். மணிக்கட்டுக்குக் கம்பளி உறை அணிந்துகொள்ளுமாறும், கால்களைப் போர்வையால் சுற்றிக்கொள்ளுமாறும் அவருடைய தந்தை மடல் எழுதினார். மகன் என்ன படித்தான் என்று கேட்பதற்குமுன் மகனுக்குக் குளிருமே என்று எண்ணிய அந்தத் தந்தையின் நெஞ்சம் நம் கவனத்திற்குரியது.

வினாக்கள் எவ்வளவு கடினமானவை? 1860களில் நடந்த ஒரு தேர்வைப் பற்றிய குறிப்பு இதற்கு விடை தருகிறது. மொத்த மதிப்பெண் 17,000. முதலிடம் பெற்றவர் எடுத்தது 7,634. இரண்டாமவர் 4,123. ராங்ளர்களுள் கடைசியானவர் ஏறத்தாழ 1,500. சிறப்புப் பட்டியலின் கடைசி மாணவர் 237. அதாவது நாட்டிலேயே சிறந்தவர் என்று கொண்டாடப்பட்ட முதல்வரும் கேட்கப்பட்டதில் பாதியைக்கூட எழுதவில்லை. 'எல்லாவற்றுக்கும் விடை எழுதினேன்' என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. தேர்வு முடிந்ததும் மாணவர் ஒருவரோடொருவர் ஒப்பிட்டுப் பார்த்தது, சரியாக எழுதியதை விட விட்டுவந்தவற்றையே என்று கொள்வதில் பிழையில்லை.

முதல்வர்களை உருவாக்கும் தொழில்

இத்தகைய தேர்வுக்குக் கல்லூரி விரிவுரைகள் போதவில்லை. எனவே தனிப்பயிற்சி ஆசிரியர்கள் தோன்றினர். அவர்களுள் புகழ்மிக்கவர் வில்லியம் ஹாப்கின்ஸ். 1827இல் தேர்வெழுதி ஏழாம் இடம் பெற்றவர் இவர். ஆனால் 1849ஆம் ஆண்டுக்குள் இவரிடம் பயின்றவர்களுள் 17 பேர் முதலிடம் பெற்றுவிட்டனர். முதல்வர்களை உருவாக்குபவர் என்றே இவரை அழைத்தனர். ஸ்டோக்ஸ், கெய்லி, கெல்வின், மாக்ஸ்வெல் ஆகியோர் எல்லாரும் இவருடைய மாணவர்கள். இவருக்குப் பின் அந்த இடத்தைப் பிடித்தவர் இவரிடமே பயின்ற எட்வர்டு ரவுத். அவருடைய மாணவர்களுள் 20க்கும் மேற்பட்டோர் முதல்வர்களாயினர். குழுக்குழுவாகப் பயிற்சி, கடிகாரம் பார்த்துக் கணக்குப் போடுதல், பழைய வினாத்தாள்களைத் திரும்பத் திரும்ப எழுதுதல் என்று அவருடைய முறை ஓர் ஆலையைப் போல இயங்கியது. நம் ஊர்த் தனிப்பயிற்சி நிலையங்களைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பேதும் இராது.

ஏழாமிடம் பெற்றவரே முதல்வர்களை உருவாக்கினார் என்பதை இங்கே மனத்தில் இருத்துவோம். கற்பிக்கும் ஆற்றல் என்று ஒன்று உண்டு. அதற்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

இரண்டாமிடத்தார்

1845ஆம் ஆண்டில் வில்லியம் தாம்சன் என்னும் இளைஞரே முதல்வராவார் என்று பலரும் எதிர்பார்த்தனர். பின்னாளில் கெல்வின் பிரபு என்று உலகம் அறிந்தவர் இவரே. வழிவழியாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. முடிவு வெளியான காலையில் அவர் தம் பணியாளை அழைத்து, இரண்டாமிடம் யாருக்கு என்று பார்த்துவரச் சொன்னாராம். முதலிடம் தமக்கே என்பதில் அவருக்கு அத்தனை உறுதி. பணியாள் திரும்பிவந்து, "தங்களுக்குத்தான் ஐயா" என்றாராம். முதலிடம் பார்க்கின்சன் என்பவருக்குச் சென்றிருந்தது.

இந்த இருவரையும் பற்றி மற்றொரு கதையும் உலவியது. இருவரும் ஒரு வினாவுக்கு ஏறத்தாழ ஒரே மாதிரி விடை எழுதியிருந்தனராம். ஐயம் கொண்ட தேர்வாளர்கள் பார்க்கின்சனை விசாரித்தபோது, ஓர் இதழில் அதைப் படித்திருந்ததாகக் கூறினாராம். தாம்சனை விசாரித்தபோது, அந்தக் கட்டுரையை எழுதியவரே தாம்தான் என்றாராம். கதையில் எவ்வளவு மெருகு ஏறியிருந்தாலும், படைத்தவரும் படித்தவரும் விடைத்தாளில் ஒன்றுபோலவே தோன்றுவர் என்னும் உண்மை அதில் இருக்கிறது.

1854ஆம் ஆண்டு முதல்வர் மேலே சொன்ன எட்வர்டு ரவுத். இரண்டாமவர் மாக்ஸ்வெல். மின்சாரமும் காந்தமும் ஒளியும் ஒரே நியதிக்கு உட்பட்டவை என்று பின்னாளில் காட்டியவர் அந்த இரண்டாமவரே. இதைக் கேட்டு ரவுத்தைத் தாழ்வாக எண்ணிவிடக் கூடாது. பொறியியல் மாணவர்கள் இன்றும் பயிலும் நிலைப்பு விதி ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவ்வாய்வுக்காக 1877இல் அவருக்கு ஆடம்ஸ் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசுக்கு உரிய பொருளை அறிவித்தவர்களுள் மாக்ஸ்வெல் ஒருவர். தேர்வில் தம்மை முந்தியவரின் அறிவுக்கு உரிய களத்தை அமைத்துத் தந்தவர்களுள், பிந்தியவரும் இருந்தார். பட்டியலில் மேலும் கீழுமாக நின்ற இருவர், வாழ்க்கையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றனர்.

இன்னொரு பட்டியலையும் காண்போம். 1837ஆம் ஆண்டில் முதலிடம் பெற்றவர் கிரிஃபின். அவரை இன்று நினைவுகூர்பவர் மிகச் சிலர். நான்காம் இடம் பெற்றவர் ஜார்ஜ் கிரீன். நாட்டிங்காம் நகரில் தந்தையின் காற்றாலையில் மாவரைக்கும் தொழிலைக் கவனித்தவர். ஏறத்தாழ 40 வயதில்தான் கல்லூரியில் சேர்ந்தார். ஆனால் அதற்கு முன்பே, 1828இல், இன்று உலகெங்கும் கற்பிக்கப்படும் கிரீன் தேற்றத்தின் மூலத்தை எழுதி வெளியிட்டிருந்தார். தாம் உருவாக்கிய கணிதம் உலகுக்குத் தெரியாத நிலையில், பாதி வயதுடைய இளைஞர்களோடு அமர்ந்து தேர்வெழுதி நான்காவதாக வந்தார். அதே ஆண்டில் இரண்டாமிடம் பெற்றவரின் கதை வேறு வகையானது.

பூட்டிய கதவுகள்

அவர் பெயர் ஜேம்ஸ் ஜோசப் சில்வெஸ்டர். யூதர். அக்காலத்தில் கேம்பிரிட்ஜில் பட்டம் பெற வேண்டுமானால் ஆங்கிலிக்கன் திருச்சபையின் கோட்பாடுகளை ஏற்பதாக ஒப்பம் இட வேண்டும். சில்வெஸ்டர் மறுத்தார். இரண்டாமிடம் கிடைத்தது, பட்டம் கிடைக்கவில்லை. 35 ஆண்டுகள் கழித்து, 1872இல்தான் அப்பட்டம் அவர் கைக்கு வந்தது.

இக்கதவு யூதருக்கு மட்டும் பூட்டியிருக்கவில்லை. கத்தோலிக்கருக்கும் அதே நிலைதான். தேர்வு எழுதலாம், ஆனால் மனச்சான்றை விற்காமல் பட்டம் பெற முடியாது. 1856இல் பட்டத்துக்கான அந்தத் தடை நீங்கியது. ஆயினும் கல்லூரி உறுப்பாண்மை போன்ற பதவிகளுக்குத் தடை நீடித்தது. 1869இல் நூமா ஹார்ட்டாக் என்னும் யூத இளைஞர் முதலிடமே பெற்றுவிட்டார். நாட்டின் முதல் கணித மாணவருக்கு அவருடைய சமயத்தின் காரணமாக உறுப்பாண்மை மறுக்கப்பட்டது. இந்த அநீதியை மறைக்க இனி வழியில்லை. அவர் பிரபுக்கள் அவையின் குழுவின் முன் சான்றளித்தார். 1871 சூன் மாதத்தில் சமயத் தடைகளை நீக்கும் சட்டம் ஒப்புதல் பெற்றது. அதே மாதத்தில், பெரியம்மை நோயால், 25 வயதில் ஹார்ட்டாக் இறந்தார். தாம் திறந்த வாயிலின் வழியே அவர் நுழையவில்லை.

கத்தோலிக்கர்களாகிய நாம் இங்கே ஓர் உண்மையை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சட்டம் கதவைத் திறந்த பிறகும், ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் நம்மவர் பயில்வது விசுவாசத்துக்கு இடையூறாகும் என்று அஞ்சிய திருச்சபைத் தலைவர்கள் அதைத் தடுத்துவந்தனர். 1895இல்தான் உரோமை அத்தடையைத் தளர்த்தியது. வெளிப்பூட்டை அரசு 1871இல் திறந்தது. உள்பூட்டை நாமே திறக்க மேலும் 24 ஆண்டுகள் ஆயின.

பட்டியலுக்கு மேலே ஒரு பெயர்

பெண்களின் கதை இன்னும் நெஞ்சைத் தொடுவது. 1880ஆம் ஆண்டில் கர்ட்டன் கல்லூரி மாணவி சார்லட் ஆங்கஸ் ஸ்காட் சிறப்பு அனுமதி பெற்று இத்தேர்வை எழுதினார். எட்டாம் இடத்துக்குரிய மதிப்பெண் பெற்றார். ஆனால் பெண் என்பதால் அவர் பெயர் பட்டியலில் இடம்பெறவில்லை. செனட் மாளிகையில் பட்டியல் வாசிக்கப்பட்டு எட்டாம் இடம் வந்தபோது, கூடியிருந்த ஆண் மாணவர்களே ஸ்காட்டின் பெயரை உரக்கக் கூவினர். தமக்குப் போட்டியாக வந்தவரின் வெற்றியை மறைப்பது முறையன்று என்று அந்த இளைஞர்களுக்குத் தோன்றியது. அடுத்த ஆண்டே, 1881இல், பெண்கள் முறைப்படி தேர்வெழுதவும், அவர்களுடைய இடம் அறிவிக்கப்படவும் பல்கலைக்கழகம் இசைந்தது. பட்டம் மட்டும் தரவில்லை.

1890 சூன் 7ஆம் நாள். முதலில் ஆண்களின் பட்டியல் வாசிக்கப்பட்டது, முதலிடம் பென்னட். பின்னர்ப் பெண்களின் பட்டியல். ஒவ்வொரு பெண்ணின் பெயரோடும், ஆண்களின் வரிசையில் அவர் எந்த இரு இடங்களுக்கிடையே வருவார் என்று சொல்வது வழக்கம். நியூனம் கல்லூரி மாணவி பிலிப்பா ஃபாசெட்டின் பெயர் வந்தது. 'சீனியர் ராங்ளருக்கு மேலே' என்று அறிவிக்கப்பட்டது. மண்டபம் ஆரவாரத்தில் அதிர்ந்தது. அவர் இரண்டாமவரைவிட 13 விழுக்காடு மிகுதியாக மதிப்பெண் பெற்றிருந்தார். அன்று மாலை கல்லூரியில் தீ மூட்டி மகிழ்ந்தனர்.

பிலிப்பாவின் தந்தை ஹென்றி ஃபாசெட் 1856இல் இதே தேர்வில் ஏழாம் இடம் பெற்றவர். பின்பு ஒரு விபத்தில் இரு கண்களின் பார்வையையும் இழந்தும் நாடாளுமன்றத்தில் சிறந்து விளங்கியவர். இந்திய மக்களின் நலனுக்காக இடையறாது பேசியதால், 'இந்தியாவின் உறுப்பினர்' என்றே அவரைக் குறிப்பிட்டனர். மகளின் வெற்றியைக் காண அவர் உயிரோடு இல்லை, 1884இல் மறைந்துவிட்டார்.

கணித மூளை பெண்களுக்கு இல்லை என்று பேசியவர்களுக்கு விடைத்தாள் பதில் சொல்லிவிட்டது. ஆனாலும் மனம் மாறவில்லை. பெண்களுக்குப் பட்டம் அளிக்கலாமா என்று 1897இல் வாக்கெடுப்பு நடந்தபோது ஆதரவாக 661 வாக்குகளும், எதிராக 1,713 வாக்குகளும் விழுந்தன. 1948இல்தான் கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுமையான பட்டம் வழங்கியது. ஆண்கள் அனைவரையும் முந்தி 58 ஆண்டுகள் கடந்திருந்தன. பிலிப்பா அந்த ஆண்டில்தான் மறைந்தார். இடைப்பட்ட காலத்தில் தென்னாப்பிரிக்காவில் பள்ளிகளை அமைக்க உதவியும், இலண்டன் மாநகரக் கல்விப் பணியில் உழைத்தும் பிற பிள்ளைகளுக்குக் கதவுகளைத் திறந்துகொண்டிருந்தார்.

மரக்கரண்டி

பட்டியலின் உச்சியைப் பார்த்தோம். அதன் அடியையும் பார்க்க வேண்டும். சிறப்புப் பட்டியலில் கடைசி இடம் பெற்றவருக்கு உடன்மாணவர்கள் ஒரு பெரிய மரக்கரண்டியைப் பரிசளிப்பார்கள். அவர் பட்டம் பெற மண்டியிடும் வேளையில், மேல்மாடத்திலிருந்து கயிறு கட்டி அதை இறக்குவார்கள். மண்டபம் சிரிக்கும். ஆளுயரத்தை எட்டும் கரண்டிகள்கூடச் செய்யப்பட்டன. அவர் தோல்வியடைந்தவர் அல்லர். சிறப்புத் தகுதியோடு தேறியவர். ஆயினும் யாரேனும் ஒருவர் கடைசியாக இருந்தே தீர வேண்டும் என்பது வரிசையின் இயல்பு. எத்தனை அறிவாளிகளை ஒன்று கூட்டினாலும் அவர்களுள் ஒருவர் கையில் மரக்கரண்டி வந்தே தீரும். சிலர் சிரித்துக்கொண்டே வாங்கினர். சிரிக்க முடியாதவர்களின் கதையை யாரும் எழுதிவைக்கவில்லை.

இந்த ஓட்டம் வென்றவர்களையும் களைப்படையச் செய்தது. 1893இல் ஏழாமிடம் பெற்ற பெர்ட்ரண்ட் ரசல், தேர்வு முடிந்ததும் தம் கணித நூல்களையெல்லாம் விற்றுவிட்டு, இனிக் கணித நூலைத் தொடுவதில்லை என்று சூளுரைத்தார். 1898இல் நான்காமிடம் பெற்ற ஜி. எச். ஹார்டியும் பயிற்சியின் வறட்சியால் கணிதத்தை விட்டு வரலாறு படிக்கலாமா என்று ஒருகால் எண்ணினார். நல்லூழாக இருவரும் கணிதத்துக்குத் திரும்பினர். ஹார்டி பின்னர் இத்தேர்வின் கடுமையான எதிர்ப்பாளரானார். வித்தையாக அமைந்த கணக்குகளை விரைந்து போடுவதில் இளைஞரின் சிறந்த ஆண்டுகள் வீணாகின்றன என்பது அவர் குற்றச்சாட்டு. அவரும் ஒத்த கருத்துடையோரும் போராடியதன் பயனாக, தகுதி வரிசை 1909ஆம் ஆண்டோடு முடிவுக்கு வந்தது. அதன்பின் ஒவ்வொரு வகுப்பிலும் பெயர்கள் அகர வரிசையில் வெளியாயின. கடைசி மரக்கரண்டியும் அவ்வாண்டே இறங்கியது.

வரிசை போனாலும் வரிசையின் மேல் உள்ள ஆசை போகவில்லை. பட்டியலை வாசிப்பவர் முதல்வரின் பெயர் வரும்போது தம் தொப்பியைச் சற்றே உயர்த்திக் குறிப்புக் காட்டும் வழக்கம் பிறகு தோன்றியது. தமிழக அரசும் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளில் மாநில முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தை 2017இல் கைவிட்டது. அதன் பிறகும் பள்ளிகளின் விளம்பரத் தட்டிகள் குறைந்தனவா என்பதை நம் தெருக்களே சொல்லும்.

மூன்று இடங்களும் இடமே இல்லாத ஒருவரும்

இந்தியர்களுக்கும் இப்பட்டியல் பொருளுடையதாயிற்று. 1874இல் ஆனந்த மோகன் போஸ் முதல் இந்திய ராங்ளரானார். 1898இல் சென்னையில் கூடிய காங்கிரசு மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் அவரே. 1899இல் ஆர். பி. பரஞ்சபே, பர்ட்விசில் என்பவரோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். ஆளப்படுகிறவன் ஆள்கிறவனுக்கு அறிவில் குறைந்தவன் என்ற பேச்சுக்கு அது ஒரு விடையாக அமைந்தது. பரஞ்சபே நாடு திரும்பிப் புனேயின் பெர்கூசன் கல்லூரியில் கற்பித்து அதன் முதல்வராக விளங்கினார்.

அவர் வென்று சில ஆண்டுகளுக்குள், கும்பகோணத்து மாணவர் ஒருவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஃப்.ஏ. தேர்வில் தவறினார். கணிதத்தில் தவறவில்லை, மற்றப் பாடங்களில் தவறினார். 1907 வரை முயன்றும் தேறவில்லை. உதவித்தொகை பறிபோயிற்று, பட்டம் இல்லை, எனவே வேலையும் இல்லை. 1912இல் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தரானார். சீனிவாச இராமானுசனை நாம் எல்லாரும் அறிவோம். ஆனால் அவருக்குக் கை கொடுத்தவர்கள் பட்டியலில் எங்கே நின்றவர்கள் என்பதை எண்ணிப் பார்த்திருக்க மாட்டோம்.

1913 பிப்ரவரியில் சென்னைக்கு வந்த வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர், இராமானுசனின் குறிப்பேடுகளைப் பார்த்தார். இவருக்கு உதவித்தொகை வழங்கிக் கணிதத்தில் ஈடுபடச் செய்ய வேண்டும் என்று பல்கலைக்கழகத்துக்கு மடல் எழுதினார். வாக்கர் 1889ஆம் ஆண்டின் சீனியர் ராங்ளர். தேர்வில் தவறியவருக்குப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் வழங்க இசைந்தது. அதே ஆண்டு சனவரியில் இராமானுசன் எழுதிய மடலைப் பெற்று, அதன் அருமையை உணர்ந்தவர் ஹார்டி. 1898ஆம் ஆண்டின் நான்காமவர். 1914இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் சொற்பொழிவாற்ற வந்து, கடல் கடக்கத் தயங்கிய குடும்பத்தவரின் மனநிலையைப் புரிந்துகொண்டு, இராமானுசனை இங்கிலாந்து செல்லுமாறு ஊக்கியவர் எரிக் நெவில். 1909ஆம் ஆண்டின், அதாவது அந்தக் கடைசி வரிசையின், இரண்டாமவர். இங்கிலாந்தில் முதலில் தம் இல்லத்திலேயே இராமானுசனைத் தங்கவைத்தவரும் அவரே.

இராமானுசன் ட்ரைப்பாஸ் தேர்வை எழுதவே இல்லை. 1916இல் ஆய்வின் அடிப்படையில் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் அளித்தது. 1918இல் அரச கழகத்தின் உறுப்பினரானார். 1920இல், 32 வயதில், மறைந்தார்.

பட்டியல் சொல்வதும் சொல்லாததும்

இவ்வரலாற்றைக் கேட்டுவிட்டு, தேர்வே வேண்டாம் என்று முடிவு கட்டுவது எளிது. ஆனால் அது நேர்மையாகாது. விடைத்தாளுக்குச் சாதியில்லை, சமயமில்லை, பாலில்லை, நிறமில்லை. சில்வெஸ்டரையும் ஹார்ட்டாக்கையும் ஸ்காட்டையும் பிலிப்பாவையும் பரஞ்சபேயையும், அவர்களை ஏற்க விரும்பாதவர்களின் கண்முன்னே கொண்டுவந்து நிறுத்தியது இந்தத் தேர்வுதான். பரிந்துரைக்க ஆளில்லாத ஏழைப் பிள்ளைக்கு இன்றும் அதுவே ஊன்றுகோல். கடினமாக உழைத்துப் படிக்கும் பிள்ளையைப் பார்த்து, மதிப்பெண்ணில் என்ன இருக்கிறது என்று ஏளனம் செய்ய நமக்கு உரிமையில்லை.

அதே வேளையில், பட்டியல் ஒரே ஒரு கேள்விக்குத்தான் விடை சொல்கிறது. இந்த நாளில், இத்தனை மணி நேரத்தில், இந்த வினாக்களுக்கு இவர் எவ்வளவு எழுதினார் என்பதே அக்கேள்வி. அதை மட்டும் கேட்டால் உண்மையைச் சொல்லும். இவர் யார், இவர் என்ன ஆவார், இவரால் யாருக்குப் பயன் விளையும் என்று கேட்டால் அதற்குத் தெரியாது. தெரியாததை அதனிடம் கேட்டு, கிடைத்த விடையைப் பிள்ளையின் நெற்றியில் எழுதிவிடுகிறவர்கள் நாம்தான். ஆண்டுதோறும் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள்களில் சில இளம் உயிர்கள் தம்மையே மாய்த்துக்கொள்ளும் செய்தி வருகிறது. அந்தப் பிள்ளைகளைக் கொன்றது கணக்கு அன்று. கணக்கில் வராத எதுவும் தம்மிடம் இல்லை என்று அவர்களை நம்பவைத்த நம் பேச்சு.

வாக்கரும் ஹார்டியும் நெவிலும் பட்டியலின் உயரங்களில் நின்றவர்கள். அந்த உயரம் அவர்களுடைய கண்ணை மறைக்கவில்லை. பட்டமில்லாத ஓர் எழுத்தரின் குறிப்பேட்டைத் திறந்து, பொறுமையாகப் படித்து, இதில் ஏதோ இருக்கிறது என்று உணர்ந்தனர். பெற்றோராகவும் ஆசிரியராகவும் பங்கு மக்களாகவும் இருக்கும் நம்மால் எல்லாரையும் முதலிடத்தில் அமர்த்த முடியாது. ஆனால், தேர்வு முடிவில் பெயரைக் காணாமல் தலைகுனிந்து நிற்கும் பிள்ளையிடம், "உன் குறிப்பேட்டைக் காட்டு, பார்க்கலாம்" என்று நம்மால் கேட்க முடியும்.